பரணிற் கிடந்த இரம்பங்கள்

கருவியைக் கொண்டு காலத்தைப் பகுப்பது வரலாற்றாசிரியர் மரபு. கற்காலம், செம்புக்காலம், இரும்புக்காலம் என்னும் பிரிவுகளை நம் பள்ளி மாணவரும் அறிவர். அம்மரபைப் பின்பற்றி நமது தோட்டப்புற வாழ்வின் வரலாற்றை எழுதப் புகுந்தால், பால் வெட்டும் கத்திக்கும் மங்குக்கும் காண்டாக் கம்புக்கும் அதில் முதலிடம் கிடைக்கும். அவை பற்றிக் கதைகளும் கவிதைகளும் நம்மிடம் நிறையவே உண்டு. ஆனால், பால் வற்றி முதுமையுற்ற மரத்தைத் தரையிற் சாய்த்த கருவியைப் பற்றி எழுதப்பட்டவை என் கண்ணிற் பட்டது மிகக் குறைவு. நட்டவரைப் பாடினோம், பால் வெட்டியவரைப் பாடினோம், மரம் வெட்டியவரை மறந்துவிட்டோம்.

இவ்வெண்ணம் என் உள்ளத்தில் எழக் காரணமாக இருந்தவை இரண்டு சங்கிலி இரம்பங்கள். எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர், தம் குடும்பம் மூன்று தலைமுறையாக வாழ்ந்த லயத்து வீட்டைக் காலி செய்தபோது, பரண்மீது சாக்கிற் சுற்றிக் கிடந்த அவற்றை எடுத்து வந்தார். அவருடைய தந்தையார் மறுநடவுக் குத்தகையில் மரம் வெட்டியவர். மறைந்து ஆண்டுகள் பலவாயின. பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுக்க மனமில்லை என்றும், பள்ளியில் நாங்கள் சேர்த்து வந்த தோட்டப் பொருள்களோடு வைக்கலாமா என்றும் அவர் கேட்டார். ஒரே ஒரு விருப்பத்தையும் தெரிவித்தார். "ஐயா, அப்பாவின் இரம்பச் சத்தத்தை இன்னும் ஒரு முறை கேட்க வேண்டும்," என்றார். பழுதுபார்க்கும் தொழிலில் நாற்பது ஆண்டு பழகிய முதியவர் ஒருவர் பக்கத்துக் கம்பத்தில் இருந்தார். பள்ளி விடுமுறையில் எங்கள் பொருள் அறையிலேயே அவர் வேலை செய்ய, நான் அருகில் ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்தேன். அவர் திருகாணிகளைக் கழற்றக் கழற்ற, நூறாண்டுக்கால வரலாறு ஒன்று ஏடு ஏடாக அவிழ்வதைக் கண்டேன். அதனையே ஈண்டு எழுதுகின்றேன்.

முதலிற் சொல்லைப் பற்றிச் சிறிது. மரத்தை அறுக்கும் கருவிக்கு 'ஈர்வாள்' என்பது நம் பழஞ்சொல். இரம்பம் என்பதே இன்று வழக்கில் உள்ளது. மலாய்க்காரர் 'கெர்காஜி ரந்தாய்' என்பர். நம் தொழிலாளர் 'செயின்சா' என்றனர். நான் சங்கிலி இரம்பம் என்றே எழுதுகின்றேன்.

இக்கருவியின் முன்னோர் காட்டிற் பிறந்தவர் அல்லர் என்பது பலருக்கும் வியப்பளிக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர்களான ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே ஆகிய இருவர், பற்கள் பொருந்திய சிறு சங்கிலியொன்றை எலும்பு அறுக்கப் பயன்படுத்தினர். கடினமான பிரசவத்தில் இடுப்பெலும்பின் இணைப்பைப் பிரிப்பதும் அதன் பயன்களுள் ஒன்று. பின்னர் 1830ஆம் ஆண்டளவில், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் பெர்ன்ஹார்ட் ஹைனே என்பவர், ஒரு தகட்டின் விளிம்பைச் சுற்றிச் சங்கிலி ஓடுமாறும் அதனைக் கைப்பிடி ஒன்றாற் சுழற்றுமாறும் செய்தார். தகடு, சங்கிலி, சுழற்றும் விசை என்னும் மூன்றும் அங்கேயே கூடிவிட்டன. ஆயினும், மனிதன் கையால் தரும் விசை மரத்துக்குப் போதாது. அதற்குப் பொறி வேண்டியிருந்தது. ஏறத்தாழ நூறாண்டு காத்திருக்கவும் வேண்டியிருந்தது.

ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் என்பவர் 1926இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தொழில் தொடங்கினார். (நம் நாட்டில் இப்பெயரை 'ஸ்டீல்' என ஒலித்து, எஃகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்றே பலர் கருதுகின்றனர், அஃது ஒருவரின் குடிப்பெயர்.) அவ்வாண்டில் அவர் செய்த மின்சார இரம்பத்தின் எடை 64 கிலோகிராம். அடுத்த ஆண்டில் எமில் லெர்ப் என்பவர், துரிங்கியாப் பகுதியிலுள்ள டோல்மர் என்னும் மலையில் தம் பெட்ரோல் இரம்பத்தைச் சோதித்தார். அம்மலையின் பெயரே அவருடைய நிறுவனத்துக்கும் ஆயிற்று. 1929இல் ஷ்டீல் செய்த பெட்ரோல் இயந்திரம் 46 கிலோகிராம் எடை கொண்டது. இவை யாவும் இருவர் தூக்கும் இயந்திரங்கள். பொறிப் பக்கத்தை ஒருவரும் தகட்டின் நுனியை மற்றொருவரும் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றி நடப்பர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய இயந்திரங்கள் கிட்டாமற் போகவே, அமெரிக்காவிலும் கனடாவிலும் இத்தொழில் தனியே வளர்ந்தது.

போருக்குப் பின்னரே இக்கருவி ஒருவர் கைக்கு வந்தது. 1949இல் அமெரிக்காவின் மெக்கல்லாக் நிறுவனம் 3-25 என்னும் இரம்பத்தை வெளியிட்டது. எடை 25 இராத்தல், அதாவது 11 கிலோகிராமுக்குச் சற்று மேல். (அந்நிறுவனத்தின் தலைவரான இராபர்ட் மெக்கல்லாக்தான் 1968இல் பழைய இலண்டன் பாலத்தை விலைக்கு வாங்கிக் கல் கல்லாகப் பெயர்த்து அரிசோனாப் பாலைவனத்தில் நிறுத்தியவர். இரம்பம் விற்ற பணம் எங்கெல்லாம் போயிற்று பாருங்கள்!) 1950இல் ஷ்டீல் நிறுவனமும் ஒருவர் இயக்கும் பெட்ரோல் இரம்பத்தைக் கொண்டுவந்தது. 1959இல் வந்த அதன் 'கொன்ட்ரா' என்னும் வகை 12 கிலோகிராம் எடையும் 6 குதிரைத் திறனும் உடையது. பற்சக்கரப் பெட்டி இன்றிப் பொறியின் சுழற்சியை நேரே சங்கிலிக்குத் தந்தது. அதன் வழித்தோன்றலான 070 என்னும் வகை தென்கிழக்காசியக் காடுகள் எங்கும் பெருவழக்குப் பெற்றது. எங்கள் அறைக்கு வந்த இரண்டனுள் மூத்தது அவ்வினத்தைச் சேர்ந்ததே.

இனி, இயந்திரம் இங்கு வந்த காரணத்தைக் காண்போம். 1877இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் வணிகத்துக்காக முதன்முதலாகப் பயிரிட்டார். அதன்பின் காடுகள் அழிந்து தோட்டங்களாயின. அக்காடழிப்பு முழுவதும் கோடரியாலும் பிலியோங்காலும் நடந்தது. மலாய், ஜாவானியத் தொழிலாளர் இதில் கைதேர்ந்தவர். பெருமரங்களின் அடியிற் புடைத்து நிற்கும் பலகை வேர்களுக்கு மேலே கழிகளாற் பரண் கட்டி, அதில் நின்று வெட்டுவர். சரிவான நிலத்தில் பல மரங்களைப் பாதி மட்டும் வெட்டி வைத்து, உச்சியிலுள்ள பெரிய மரம் ஒன்றை முழுதும் வெட்டி விடுவர். அது விழும் வேகத்தில் கீழேயுள்ள அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாயும். மரத்தைப் பலகையாக்குவதோ சீனத் தொழிலாளரின் பெருங்கைவாள். நம்மவர் பெரும்பாலும் அதன்பின்னரே வந்து நட்டனர், களை எடுத்தனர், பால் வெட்டினர்.

நட்ட மரம் இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் ஓயும். போரின்போது ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதால் ரப்பர் இழந்த அமெரிக்கா, செயற்கை ரப்பரைப் பெருமளவில் உற்பத்தி செய்யலாயிற்று. போர் முடிந்தபின் அஃது இயற்கை ரப்பருக்குப் போட்டியாக நிலைத்துவிட்டது. விலையில் ஈடுகொடுக்க வேண்டுமெனின், கிழட்டு மரங்களை அகற்றி ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற மிகுபால் தரும் ஒட்டு மரங்களை நட வேண்டும். 1952இல் மறுநடவு நிதிக்கான சட்டம் வந்தது. 1954இல் சர் பிரான்சிஸ் மூடி தலைமையிலான குழுவும் மறுநடவையே வற்புறுத்தியது. பின்னர் செம்பனை பரவியது. 1917இல் கோலசிலாங்கூருக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் முதன்முதலாக வணிக முறையிற் பயிரான செம்பனை, 1960களுக்குப் பின் ரப்பரின் இடத்தையே பிடித்துக்கொண்டது. ரப்பருக்காக ரப்பரை வெட்டினர். பின் செம்பனைக்காக ரப்பரை வெட்டினர். எப்படியாயினும் வெட்ட வேண்டிய மரங்களுக்குக் குறைவில்லை.

மறுநடவின் தொடக்கக் காலத்தில் கைவின்ச்சு கொண்டு மரத்தை வேரோடு சாய்த்தனர். அல்லது அடிமரத்திற் சோடியம் ஆர்சனைட்டு என்னும் நஞ்சைப் பூசி நின்றபடியே மடியவிட்டனர். இரண்டும் மெதுவான வழிகள். கட்டையை அப்படியே விட்டுவிடவும் இயலாது. அதிலிருந்து வெள்ளை வேர் நோய் புதிய கன்றுகளுக்குத் தொற்றும். சங்கிலி இரம்பம் வந்தபின் மரத்தைச் சாய்ப்பது சில நிமிட வேலையாயிற்று. கட்டைக்கு 2,4,5-டி போன்ற நஞ்சு பூசினர். இரம்பக்காரருக்குப் பின்னே வாளியும் தூரிகையும் ஏந்தி நடந்தவரின் கதை தனியே எழுதத் தக்கது.

இவ்வளவையும் மனத்திற்கொண்டு எங்கள் அறைக்குள் வருவோம்.

பழைய இயந்திரம் கையிற் கிடைத்தவுடன் கயிற்றை இழுத்துப் பார்ப்பதே எவரும் செய்யும் பிழை என்றார் முதியவர். பல ஆண்டுகள் அசையாத பிஸ்டன் துருவால் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் வளையம் ஒடியும். துருத்தூள் சுவரைக் கீறும். ஆதலால் முதலிற் பிளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெயும் பொறி எண்ணெயும் கலந்து சில துளி உள்ளே விட்டுச் சாய்த்து வைத்தார். இரண்டு நாள் அதனைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் காந்தச் சக்கரத்தைக் கையாற் பற்றி இம்மியளவு அசைத்தார். மறுபடியும் எண்ணெய் விட்டார். நான்காம் நாள் மாலையில் அது முழுச் சுற்றுச் சுற்றியது. நோயாளியை எழுப்பி உட்கார வைத்தவர் போல் அவர் முகம் மலர்ந்தது. பொறுமை என்பதை மாணவர்க்கு விளக்கப் பயிற்சிக் கல்லூரியில் எத்தனையோ உத்திகள் கற்பித்தனர். இப்படி ஒரு காட்சி அவற்றுள் இல்லை.

அடுத்துப் புகைபோக்கியைக் கழற்றினார். அதன் வாயில் வழியே விளக்கொளியைச் செலுத்தினால் பிஸ்டனின் பக்கம் தெரியும். அங்கே நெடுக்காகச் சில கீறல்கள் இருந்தன; ஆழமானவை அல்ல. "ஒரு தடவை சூடேறிப் பிடித்திருக்கிறது. உடனே நிறுத்தியிருக்கிறார். தெரிந்தவர் கை," என்றார். இரண்டு வீச்சுப் பொறியில் மசகு எண்ணெய்க்குத் தனிக்கலம் இல்லை. பெட்ரோலோடு கலந்த எண்ணெயே உயவும் தருவது. பழைய பொறிகளுக்கு 16 பங்கு அல்லது 25 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் கலப்பர். எண்ணெயின் தரம் உயர்ந்த பின்னர் 50க்கு 1 என்றாயிற்று. கலவையில் எண்ணெய் குறைந்தாலும், எங்கேனும் காற்றுப் புகுந்து எரிபொருள் மெலிந்தாலும், புகைபோக்கிப் பக்கமே பிஸ்டன் முதலிற் கீறுபடும். ஏட்டிலுள்ள எழுத்துப் பிழையைக் கொண்டு எழுதியவரை அறிவது போல, கீறலைக் கொண்டு இயக்கியவரை அவர் அறிந்தார்.

பொறிப்பொறிதரும் பகுதியைத் திறந்தபோது, மூத்த இயந்திரத்தின் வயது தெளிவாயிற்று. காந்தச் சக்கரத்துக்குள்ளே 'பாயிண்ட்' எனும் இரு சிறு தொடுமுனைகள் இருந்தன. அவை பிரியும் கணத்தில் மின்பொறி பிறக்கும். ஈரக்காற்றில் அம்முனைகளின்மேல் நுண்ணிய மாசு படியும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, மின்சாரமோ கடவாது. மென்மையான உப்புத்தாளால் அவற்றைத் தேய்த்து, இடைவெளியைச் சுமார் 0.4 மில்லிமீட்டராக வைத்து, கண்டென்சரைப் புதிதாக மாற்றினார். பிளக்கை உலோகத்தின்மேல் வைத்துச் சுழற்றியபோது நீலப்பொறி தெறித்தது. இளைய இயந்திரத்திலோ இத்தொல்லை இல்லை. மின்னணுப் பொறி வந்தபின் தேய்வதற்குரிய முனைகளே இல்லாது போயின. ஆனால் அது பழுதுற்றால் தேய்த்துத் திருத்தவும் ஒன்றுமில்லை; முழுதும் மாற்ற வேண்டியதுதான். எளிமை வந்தபோது திருத்தும் உரிமை போயிற்று என்று எனக்குத் தோன்றியது. முதியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "மழையில் பாயிண்டைத் தேய்த்திருந்தால் தெரியும் ஐயா," என்றார்.

பல ஆண்டு கிடந்த இரம்பம் ஓடாமைக்குப் பெரும்பாலும் காரணமாவது கார்புரேட்டர். அதன் வரலாறு சுவையானது. மிதவை வைத்த பழைய கார்புரேட்டர் நிமிர்ந்து நின்றாலன்றி வேலை செய்யாது. ஆகவே அக்காலத்து இரம்பங்களிற் பொறியை நிமிர்த்தியே வைத்துக்கொண்டு, தகட்டை மட்டும் குறுக்காகத் திருப்ப வேண்டியிருந்தது. 1950களில் மிதவைக்கு மாற்றாக மெல்லிய சவ்வு ஒன்றைக் கொண்ட கார்புரேட்டர் பரவியது. பொறியின் மூச்சிழுப்பில் அச்சவ்வு தாழ்ந்து உயர்ந்து எரிபொருளை அளந்து விடும். அதன்பின் இரம்பத்தைச் சாய்க்கலாம், கவிழ்க்கலாம், கிளைமேலிருந்தும் அறுக்கலாம். விரல் நகத்தினும் மெல்லிய அச்சவ்வே இக்கருவிக்கு உண்மையான விடுதலை தந்தது எனல் மிகையன்று.

அச்சவ்வுதான் கிடந்து கெடுவது. கலத்தில் விட்டுவைத்த பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகிப் போக, எஞ்சியது பிசினாகி நுண்துளைகளை அடைக்கும். சவ்வு உலர்ந்து ஓலைபோல் விறைக்கும். எத்தனால் கலந்த எரிபொருள் விற்கும் நாடுகளில், அது காற்றின் ஈரத்தை ஈர்த்து உள்ளே அரிப்பையும் உண்டாக்கும். முதியவர் பிசினைக் கரைத்து, செம்புக் கம்பியின் ஒற்றை இழையால் துளைகளைத் தூர்வாரினார். எஃகு ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும் என்றார். சவ்வுகளையும் எரிபொருட் குழாயையும் புதிதாக இட்டார். பழைய குழாய் விரல் பட்டதும் பிட்டுப்போல் உதிர்ந்தது.

அக்குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒரு வினாக் கேட்டேன்: இது நம் மரத்து ரப்பரா? அன்று. பால்மரத்து ரப்பர் பெட்ரோலில் ஊறினால் பருத்துக் கெடும். பெட்ரோலைத் தாங்கும் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் 1930களில் ஜெர்மனியில் உருவானது. குழாயும் எண்ணெய் கசியாது தடுக்கும் சீல்களும் அத்தகைய செயற்கைப் பொருளால் ஆனவை. எந்தச் செயற்கை ரப்பரின் போட்டியால் பால்மரங்கள் வெட்டப்பட்டனவோ, அவ்வினப் பொருளே வெட்டிய இயந்திரத்தின் நரம்பாகவும் இருந்தது.

சங்கிலியைப் பற்றிச் சொல்லாது விடுவதற்கில்லை. முற்காலச் சங்கிலிகளின் பற்கள் கைவாளின் பற்களைப் போன்றே மரத்தைச் சுரண்டுபவை. விரைவில் மழுங்கும், தீட்டுவதோ பெருந்தொல்லை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரம் வெட்டுபவராக இருந்த ஜோசப் காக்ஸ், 1946இல் ஒரு கட்டையிற் கடினமான மரத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் எளிதாகத் தின்று சென்ற வண்டின் புழுவைக் கண்டார். அதன் வாயிலுள்ள இரு தாடைகளும் இடமும் வலமுமாக மாறி மாறி வெட்டுவதை உருப்பெருக்கியில் நோக்கினார். அதனைப் பின்பற்றி, இடப்பல்லும் வலப்பல்லும் மாறி வரும் வளைந்த பற்களைக் கொண்ட சங்கிலியைச் செய்து 1947 நவம்பரில் விற்கத் தொடங்கினார். இன்று உலகெங்கும் ஓடும் சங்கிலிகள் அதன் வழிவந்தவையே. உருண்டை அரம் ஒன்றிருந்தால் காட்டிலேயே ஒரு கட்டையின்மேல் உட்கார்ந்து தீட்டிக்கொள்ளலாம்.

மூத்த இரம்பத்தின் சங்கிலியைக் கழற்றிப் பார்த்தோம். பற்கள் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் ஒரே சாய்வில், ஒரே நீளத்தில் இருந்தன. ஒருபக்கப் பல் நீண்டு மறுபக்கப் பல் குறுகினால் வெட்டு வளைந்து போகும். நூற்றுக்கணக்கான முறை அரம் பட்டும் அந்த ஒழுங்கு மாறவில்லை. முன்னாள் மாணவர் அதனை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா பள்ளிக்கூடமே போகவில்லை ஐயா," என்றார். கோணமானி கொண்டு நான் அளந்தேன். நான்காம் ஐந்தாம் ஆண்டு மாணவர் வரையும் கோணங்கள் என் நினைவுக்கு வந்தன. அதற்குமேல் அன்று நான் எதுவும் பேசவில்லை.

கைப்பிடியிலும் ஒரு செய்தி இருந்தது. இடக்கை பற்றும் வளைகுழாயின்மேல், சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி நெருக்கமாகச் சுற்றியிருந்தார். வழுக்காதிருக்க என்று நான் நினைத்தேன். அதிர்வைக் குறைக்க என்றார் முதியவர். பழைய இரம்பங்களிற் கைப்பிடி பொறியோடு நேரே பிணைக்கப்பட்டது. நூறு கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பொறியின் அதிர்வு முழுதும் எலும்புக்குள் இறங்கும். ஆண்டுக்கணக்கில் அதனைத் தாங்கிய விரல்களில் இரத்த நாளமும் நரம்பும் கெடும். குளிர்நாடுகளில் விரல்கள் வெளுத்துப் போவதால் 'வெண்விரல் நோய்' என்றே பெயரிட்டனர். நம் போன்ற வெப்ப நாட்டில் வெளுப்பு அரிது. மரத்துப் போதலும் பிடி தளர்தலுமே மிகுதி. அதனால் அது நோய் என்று அறியப்படாமலேயே போயிற்று. 1960களின் நடுவிலிருந்து கைப்பிடிக்கும் பொறிக்கும் இடையே ரப்பர்த் தாங்கிகள் வைத்த இரம்பங்கள் வந்தன. ஆயினும் பழையவை உறுதியானவை, விலை மலிந்தவை. எனவே குத்தகைக் காடுகளில் அவை நெடுங்காலம் நீடித்தன. தந்தையாரின் கடைசிக் காலத்தில் சட்டைப் பித்தானைத் தாம்தான் மாட்டிவிடுவது வழக்கம் என்றும், அதனை முதுமை என்று எண்ணியிருந்ததாகவும் முன்னாள் மாணவர் சொன்னார்.

முதியவர் அந்த டியூபைக் கழற்றிப் புதுப்பிடி போட முனைந்தார். நான் தடுத்தேன். ஓடுவதற்கு வேண்டியதை மாற்றலாம். ஒருவர் கை வைத்த அடையாளத்தை மாற்றலாகாது. ஏடு பதிப்பிப்போர் சிதைந்த எழுத்தைத் தம் விருப்பம்போல் நிரப்பினால் நாம் ஏற்பதில்லை, இதுவும் அத்தகையதே. வண்ணம் பூசுவதையும் அவ்வாறே மறுத்தேன். கார்புரேட்டரின் சவ்வுக்கு அந்த நியாயத்தைச் சொன்னால் இயந்திரம் ஒரு நாளும் ஓடாது என்று அவர் சிரித்தார். நேர்மையான பேச்சு.

இளைய இரம்பம் வேறு காலத்தைச் சேர்ந்தது. அதன் முன்கைப்பிடிக்கு முன்னே ஒரு கைத்தடுப்பு உண்டு. தகட்டின் நுனி மேற்பகுதி மரத்திற் பட்டால் இரம்பம் இமைக்கும் பொழுதில் முகத்தை நோக்கி எகிறும். அப்போது கை அத்தடுப்பிற் பட்டுச் சங்கிலி நின்றுவிடும். 1970களின் தொடக்கத்தில் வந்த இத்தடையால் காக்கப்பட்ட உயிர்கள் மிகப் பல. இந்த இரம்பம் வெட்டிய மரத்தின் கதியும் வேறு. முன்னர் ரப்பர் மரம் புகைக்கூடத்துக்கும் செங்கற் சூளைக்கும் விறகு; வெட்டிய சில நாள்களில் நீலம் பாரித்துப் பூஞ்சை ஏறும் என்பதால் தச்சர் அதனைத் தீண்டுவதில்லை. போரான் சேர்மங்களில் ஊறவைத்து உலர்த்தும் முறை பரவியபின், 1980களில் அதுவே மேசை நாற்காலிகளுக்குரிய மரமாயிற்று. மூவாரில் இன்று கப்பலேறும் மரச்சாமான்களுள் பெரும்பகுதி அம்மரத்தாற் செய்யப்படுவது. மரத்தின் மதிப்புப் பன்மடங்கு உயர்ந்தது. அதனை வெட்டியவரின் கூலி அவ்வாறு உயர்ந்ததாக எந்தத் தொழிலாளரும் என்னிடம் சொன்னதில்லை.

இயந்திரத்தின் அழுத்தத்தை அறியக் கருவி உண்டு. முதியவர் அதனைத் தேடவில்லை. இழுகயிற்றின் பிடியைப் பற்றி இரம்பத்தை அப்படியே தொங்கவிட்டார். அழுத்தம் போயிருந்தால் அது சரேலென்று இறங்கும். இது தயங்கித் தயங்கி, படியிறங்குவது போல் இறங்கியது. "மூச்சு இருக்கிறது," என்றார்.

ஒன்பதாம் நாள், பள்ளித் திடலின் ஓரத்தில் மரமேசையொன்றில் மூத்த இரம்பத்தை இறுகப் பிணைத்தோம். சங்கிலியைப் பூட்ட நான் சம்மதிக்கவில்லை. தடையும் அதிர்வுத் தாங்கியும் இல்லாத கருவியை மீண்டும் வெட்டுக்கு அனுப்புவது பழுதுபார்த்தல் ஆகாது. புதுக்கலவை ஊற்றி, காற்றடைப்பை மூடி, முதியவர் கயிற்றை இழுத்தார். ஐந்து முறை ஒன்றுமில்லை. ஆறாம் முறை ஒரு செருமல். அடைப்பைத் திறந்து மறுபடி இழுத்தபோது நீலப்புகையோடு அது முழங்கத் தொடங்கிற்று. முதலில் தடுமாறியது, சிறு திருகாணியைக் கால்திருப்புத் திருப்பியதும் சீராயிற்று. காகங்கள் எழுந்து பறந்தன. வேலிக்கு அப்பால் மிதிவண்டியிற் போன பெரியவர் ஒருவர் இறங்கி நின்று, தொழிலாளர் அந்த இரம்பத்துக்கு வைத்திருந்த பட்டப்பெயரைச் சொல்லி, "அதுவா?" என்று கேட்டார். முன்னாள் மாணவர் தலையசைத்தார். மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினோம்.

பின்னர் கலத்திலுள்ள பெட்ரோலை முழுதும் வடித்து, எஞ்சியது தீருமட்டும் ஓடவிட்டு, பிளக்கின் வழியே எண்ணெய்த் துளிகளை விட்டு மூடினார். சங்கிலியை எண்ணெயில் நனைத்துத் தனியே சுற்றிவைத்தோம். கண்ணாடிப் பேழையில் இப்போது பெயரட்டையும் உண்டு. இயந்திரத்தைச் செய்தவரின் பெயர் உலோகத்திலேயே வார்க்கப்பட்டிருப்பதால் அதனை எழுதவில்லை. அதனைத் தூக்கியவரின் பெயரை மட்டும் எழுதினோம். மாதம் ஒருமுறை பேழையைத் திறந்து காந்தச் சக்கரத்தை ஒரு சுற்றுக் கையாற் சுழற்ற வேண்டும், பிஸ்டன் ஒரே இடத்தில் நிற்கக்கூடாது என்பது முதியவரின் கட்டளை. முதல் வெள்ளிக்கிழமையை அதற்குக் குறித்துவைத்துள்ளேன்.